கிரவுன் கத்திய லாரி

சோழபுரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் எங்கள் அப்பாவின் லாரி கோழிக்கூடாக நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். ராஜபாளையத்து மில்லிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பொதி பொதியாக இழுத்த வண்டியில் கோழி முட்டையிடுகிறதா என்று அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் உண்மைதான். சீட் இருந்த இடத்தில் வைக்கோல். ஸ்டியரிங் மேல் ஒரு சேவல் உட்கார்ந்துகொண்டு, நான்தான் இப்போது முதலாளி என்கிற மாதிரி என்னை முறைத்தது. வண்டி மூக்கு லாரி. இப்போதைய லாரிகளுக்கு முகம் தட்டை. அந்தக் காலத்து வண்டிகளுக்கு இன்ஜின் கேபினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், அதனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். அந்த மூக்கின் வலது ஓரத்தில் ஒரு நெளிசல் உண்டு. சாத்தூர்ப் பக்கம் ஒரு மாட்டுவண்டிக்கு ஒதுங்கும்போது அப்பா புளியமரத்தில் இடித்தது. துருவுக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தேன், இருந்தது. தோப்புக்காரர் எதிரில் அழக் கூடாது என்று கோழியை விரட்டுகிற சாக்கில் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

அப்பா இறந்த வருஷம் விற்ற வண்டி அது. நான் அப்போது பட்டாளத்தில் இருந்தேன். இருபத்திரண்டு வருஷம் அங்கே வண்டி மெக்கானிக். திரும்பி வந்து மம்சாபுரம் விலக்கில் ஒரு கொட்டகை போட்டு, பழைய கனரக வண்டிகளைச் சரிசெய்து கொடுக்கிறேன். பழைய லாரி என்றால் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க நிறுத்துகிற பொம்மை என்று நினைக்கிறவர்கள் பலர் வருவார்கள். வண்ண வண்ண விளக்கு வையுங்கள், பாட்டுப் பெட்டி வையுங்கள் என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு டீ கூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்பிவிடுவேன். ஓடினால்தான் லாரி. ஓடாவிட்டால் அது கோழிக்கூடுதான்.

அந்த லாரியைக் கொட்டகைக்கு இழுத்து வந்தது பங்குனியில். அன்று சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்காவிடம் போய்ச் சொன்னேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் வாழ்ந்த அதே வீட்டில், கணவர் போன பிறகு தனியாக இருந்தாள். சர்க்கரை வியாதி அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வெளிச்சமும் இருட்டும் தெரியும், அவ்வளவுதான். தனியாக விட முடியாது என்று அவள் மகன் ஓசூருக்குக் கூட்டிப்போக முடிவு செய்திருந்தான். ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுவது. போனால் அவள் திரும்பி வரப்போவதில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

லாரி கிடைத்ததைச் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, நெசமாவா? ஓடுமாலே?"

"ஓட வைக்கேன்க்கா. நீ ஊருக்குப் போறதுக்கு முந்தி ஒன் வாசல்ல கொண்டாந்து நிறுத்துதேன். பாரு."

வாக்குக் கொடுத்துவிட்டேன். நாலரை மாதம். இன்ஜின் இறுகிக் கிடந்தது. பிஸ்டன் மேல் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி, ஒன்பது நாள் ஊறவிட்டு, பத்தாம் நாள் ஒரு நீளக் குழாயை மாட்டித் திருகினேன். ஒரு விரல்கடை அசைந்தது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு. வயர் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுவி, தேய்த்து, கிடைக்காததைக் கடைசலில் கொடுத்துச் செய்து வாங்கினேன்.

தகர வேலைக்கு ராஜபாளையத்திலிருந்து பாய் வருவார். டிங்கர் வேலையில் அவர் கை வைத்தால் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. அவர் என்னை மாமா என்பார், நான் மாப்பிள்ளை என்பேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் எப்போதிருந்து இந்த முறை வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பழைய பச்சை நிறம் அச்சு அசலாக வர வேண்டும் என்று நான் பெயிண்டைக் கலக்கிக் கலக்கி ஊற்றியதைப் பார்த்து, "மாமா, வண்டிக்கு மாப்ள பாக்கப் போறியளா? எம்புட்டுத்தான் பவுடர் போடுவிய?" என்பார். ஆனால் அந்த நெளிசலைத் தட்டி எடுக்கவா என்று கேட்டபோது நான் பார்த்த பார்வையில், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டீக்குப் போய்விட்டார்.

கடைசியாகப் பின் அச்சைத் திறந்தேன். அதன் நடுவில் உருண்டைக் கூண்டுக்குள் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும். அதுதான் கிரவுன். அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பி விடுவது இந்த ஜோடிதான். பல் தேய்ந்துபோனால் ஓடும்போது ஒரு நீளமான சத்தம் வரும். கிரவுன் கத்துது என்பார்கள் டிரைவர்கள். எங்கள் வண்டியின் கிரவுனில் பற்களின் ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது அழுந்துகிற பக்கம். இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டா அப்பா ஓட்டினார் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பாவம், நேரம் கிடைத்திருக்காது, தூத்துக்குடி போய் வந்தால் மறுநாளே அடுத்த லோடு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாமக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், அதே வண்டிக்கு உரிய கிரவுனும் பினியனும் காகிதம்கூடப் பிரிக்காமல் கிடைத்தன. புதையல் எடுத்தவன் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மாட்டி ஓட்டிப் பார்த்தால் பின்பக்கம் வண்டி இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. பழைய ஜோடியைப் பாயிடம் கொடுத்து, "மாப்ள, எங்கிட்டாச்சும் போட்ருங்க" என்றேன். அப்பா செய்ய முடியாததை நான் செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திமிர். அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தது.

ஆடி மாதக் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். டயருக்கு எலுமிச்சை வைத்து, பூசணிக்காய் உடைத்து, பாயைக் கிளீனர் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு லாரியை ஓட்டிப் போனேன். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள், போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுபோய் அவள் முன்னாலேயே நிறுத்தினேன். அவள் முகம் தெருவின் மறுகோடியைப் பார்த்தபடியே இருந்தது.

"யாரு வண்டி இது?" என்றாள்.

"அக்கா, நாந்தான். அப்பா வண்டி."

எழுந்து வந்தாள். பானெட்டைத் தடவினாள், நெளிசலில் விரல் நின்றது. கேபினுக்குள் ஏற்றிவிட்டேன். ஸ்டியரிங்கை, கியர் குமிழை, கண்ணாடிச் சட்டத்தை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு இறங்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எல்லாம் நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா இது அப்பா வண்டி இல்ல."

எனக்கு வந்ததே ஆத்திரம். சேஸ் நம்பர் இருக்கிறது, நெளிசல் இருக்கிறது, நாலரை மாதம் இடுப்பு ஒடிந்திருக்கிறது, கண் தெரியாத உனக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். கண் தெரியாத என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. தெருவில் நின்றவர்கள் மெதுவாக நழுவினார்கள். பாய் லாரியின் மறுபக்கம் போய் இல்லாத ஏதோ ஒன்றைத் தேடினார்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "அது வரும்போது ஒரு சத்தம் வரும்லே" என்றாள். உதட்டைக் குவித்து, மூக்கும் தொண்டையும் சேர, நீளமாக ஒரு ஒலி எழுப்பிக் காட்டினாள். மேலே இருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருகிற மாதிரி.  தேய்ந்த கிரவுனின் சத்தம் அச்சு அசலாக அவள் வாயிலிருந்து வந்தது.

"கம்மாத் திருப்பத்துலயே கேக்கும். எத்தன லாரி போனாலும் எனக்கு அது தெரியும். ஒரு ஐப்பசி மழையில அப்பா ரெண்டு நாளா வரல. பாலம் ஒடஞ்சிருச்சுங்காக, லாரி ஓடையில போயிருச்சுங்காக. அம்மா அழுதுக்கிட்டே கெடக்கா. நான் இந்த வாசல்லயே ஒக்காந்து ஒவ்வொரு வண்டியா கேட்டுக்கிட்டு இருந்தேன். மூணாம் நாளு பொழுதடைய அந்தச் சத்தம் வந்துச்சு பாரு. அன்னைக்கி நான் பட்ட சந்தோசம், ஏலே, கல்யாணத்துல படல, புள்ள பெத்ததுல படல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதை ஒருக்கா கேட்டுட்டுப் போயிரலாம்னு நெனச்சேன்."

"அப்போ ஏறி ஒரு ரவுண்டு போவோம்னு நீ நெனைக்கலயா?" என்றேன்.

"அதுல ஏறி நான் எங்கலே போகப் போறேன்? அது வரணும். அம்புட்டுத்தான்."

அந்த மழையின்போது நான் எங்கே இருந்தேன் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். அதே வீட்டில்தான் இருந்திருக்கிறேன். எட்டு வயது. பெருகிய கண்மாயைப் பார்க்கப் போய் அடி வாங்கியது மட்டும்தான் நினைவிருக்கிறது. அப்பா வராதது என் நினைவிலேயே இல்லை. என் மனதில் இருக்கும் லாரி நிற்கிற லாரி. சூடான பானெட், டீசல் வாடை, சீட்டுக்கு அடியில் அப்பா ஒளித்து வைத்து எடுத்துக் கொடுக்கும் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம். அது வருகிற சத்தம் எனக்கு வேண்டியிருக்கவே இல்லை. எனக்கும் சேர்த்து அவள் காத்திருந்திருக்கிறாள். அறுபதை நெருங்குகிற வயதில் இது உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பாயின் பட்டறைக்கு ஓடினேன். நல்லவேளை, பழைய கிரவுனை அவர் விற்கவில்லை. தகரம் தட்டுகிற பலகை ஆடாமல் இருக்க அதற்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். பினியன் ஜன்னலில் காகிதக் கட்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

"புதுசக் கழத்திட்டு இதையா மாட்டப் போறிய?" பாய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் ரிப்பேரு எடுக்கத்தான் மெக்கானிக்குக்கிட்ட வருவாக. ரிப்பேரு வைக்கிற மெக்கானிக்க இப்பத்தான் பாக்கேன்."

சிரித்தாரே தவிர, அன்றைக்குத் தன் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். பின் அச்சைப் பிரிப்பது ஒரு ஆள் வேலை இல்லை. மூன்று நாள் ஆனது. என் வாழ்நாளில் நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதை மாட்டியது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் கை தயங்கியது. சனிக்கிழமை மத்தியானம் மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வேகமெடுத்துக் காலை விட்டேன். கிரவுன் கத்தியது. அக்கா வாயால் காட்டிய அதே சத்தம். பாய்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அக்காவின் மகன் வந்துவிட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு மிச்சம். அவனுக்குப் போன் செய்து, அம்மாவை வாசலில் உட்கார வை, வேறெதுவும் சொல்லாதே என்றேன்.

பாயையும் ஏற்றிக்கொண்டு கண்மாய்த் திருப்பத்தில் திரும்பி, தெருவுக்குள் ஏறி, வீட்டு முன்னால் நிறுத்தினேன். சத்தம் வரவே இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. நான் இறங்கிப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அக்கா திரும்பினாள். "வந்துட்டியாலே? எப்ப வந்த?" என்றாள். முகத்தில் குறையாக எதையும் காட்டவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "செத்த இரு அக்கா, வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி ஏறி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து கண்மாய்க் கரையில் நிறுத்தினேன்.

"என்ன மாமா இது? ரோட்டுல அந்தக் கத்து கத்துச்சே" என்றார் பாய்.

எனக்கும் முதலில் புரியவில்லை. இறங்கி நின்று பாதையைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து நடந்த பாதை. திருப்பத்திலிருந்து எங்கள் தெரு வரை அது மேடு. நடக்கிறவனுக்குத் தெரியாது, சைக்கிள் மிதிக்கிறவனுக்குக் கொஞ்சம் தெரியும், லாரி ஓட்டுகிறவனுக்கு நன்றாகவே தெரியும். மேட்டில் ஏறும்போது கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தியபடிதான் இருக்கும். அழுத்தியிருக்கும் வரை அந்தக் கிரவுன் வாயைத் திறக்காது.

"இந்த மேட்டுல எவன் மாமா காலை எடுப்பான்? எடுத்தா வண்டி நொண்டிப்புடும்ல. பொறவு கியரக் கொறச்சு, முக்கி முக்கில்ல ஏத்தணும்" என்றார் பாய்.

சரியாகச் சொன்னார். ஒரு டிரைவரும் எடுக்க மாட்டான். மேடு வருவதற்கு முன்னால் வேகத்தை விட்டுவிட்டால், ஓட்டப் பழகுகிற கிளீனர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர் எங்கள் அப்பா. டீசலைச் சிந்தினால் சோற்றைச் சிந்துவது மாதிரி என்பார். அப்படிப்பட்டவர் இரண்டு நாள், மூன்று நாள் ஓட்டிக் களைத்து, உப்பு மூட்டையோடு ஊர் திரும்பி, வீடு கண்ணுக்குத் தெரிகிற இந்த இடத்தில் வேண்டுமென்றே காலை எடுத்திருக்கிறார். வண்டி தளர்ந்து, கியரைக் குறைத்து, முக்கி முக்கி ஏற வேண்டும் என்று தெரிந்தே எடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும். கிரவுனை மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்று நான் பரிதாபப்பட்டேனே, அவர் மாற்றவே நினைக்கவில்லை. எங்களில் யாரையும் கொஞ்சி ஒரு வார்த்தை பேசியறியாத மனுஷர். வாசலில் ஒரு பெண்பிள்ளை காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்து, வந்துட்டேன் ஆத்தா என்று லாரியை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார். அவளுக்கு இது தெரியாது. சத்தம் வண்டியுடையது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கண்மாய்க் கரையில் நின்று நான் அழுதேன். பாய் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

லாரியைக் கரையின் அந்தக் கோடி வரை கொண்டுபோய்த் திருப்பினேன். பாயை இறங்கிக்கொள்ளச் சொன்னேன். மூன்றாவது கியரில் நல்ல வேகமெடுத்து வந்து, திருப்பத்தில் திரும்பியதும் மேட்டில் காலை எடுத்தேன். இத்தனை வருஷ வழக்கத்தில் கால் வர மறுத்தது, பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து சத்தம் எழுந்தது. நீளமாக, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு, கண்மாய் முழுக்கக் கேட்கிற மாதிரி. வண்டி தளர்ந்தது. இரண்டாவது கியர் போட்டு, முக்கி, மறுபடி காலை எடுத்தேன். மறுபடி கத்தியது.

தெருவின் கோடியில் அக்கா நாற்காலியை விட்டு எழுந்ததை முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மகன் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். கம்பு இல்லாமல், சுவரைத் தொடாமல், படி இறங்கி நடுத் தெருவுக்கு வந்து நின்றாள். முகம் நேராக என்னைப் பார்த்திருந்தது. அப்பா இந்தச் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் இதைத்தான் பார்த்திருக்கிறார். இதைப் பார்ப்பதற்காக யாரும் எந்த மேட்டிலும் காலை எடுக்கலாம்.

அவள் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பி, சாமான்களெல்லாம் கட்டி வைத்த அந்த வெறும் வீட்டைப் பார்த்து, "எம்மா, அப்பா வந்துட்டாக!" என்று சத்தம் போட்டாள்.

நான் வண்டியை அவளிடமிருந்து நாலடி தள்ளி நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. இறங்கினால் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.